மருதை தூக்கிவிட்டுப் போன கலப்பை

திருச்சி மாவட்ட மக்களுக்கும் எஞ்சிய உலகத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், திருவெள்ளறையில் ஒரு பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் பம்பைக் கழற்றி எடுத்த பிறகும் அதன் கலப்பை கீழே இறங்கவில்லை. எண்ணெயை அழுத்திக் கலப்பையைத் தூக்கி நிறுத்துவது அந்தப் பம்புதான். அது போனால் கலப்பை தொப்பென்று விழ வேண்டும். விழவில்லை.

ஆயுத பூஜையன்று கொழுவுக்குச் சந்தனம் வைக்கக் கலப்பையைத் தூக்கி நிறுத்தியவன் மருதை. சூடம் காட்டினான், பூசணி உடைத்தான், முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். வண்டியை ஏற்றி அதை நசுக்குவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடிக்க உள்ளே போனவன் பாயில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டில் எலுமிச்சம்பழத்தை யார் பார்க்கிறார்கள்? அவன் மனைவி பவுனம்மாள் அழுகை வரும் என்று காத்திருந்தாள். மழை வந்தது. ஈரம் காய்வதற்குள் உழாவிட்டால் அந்த வருஷம் வயல் சும்மா கிடக்கும். ஊரிலிருந்த மற்ற டிராக்டர்களையெல்லாம் ஆட்கள் முந்திக்கொண்டு அமர்த்திவிட்டார்கள். லீவரை இறக்கிப் பார்த்தாள். கலப்பை அசையவில்லை.

மன்னார்புரத்திலிருந்து மெக்கானிக் பிலோமின்ராஜ் வந்தான். "பம்புதாங்கக்கா. உருவிட்டா தானா இறங்கிடும்." எண்ணெயை வடித்தான், போல்ட்டுகளைக் கழற்றினான், மேல்மூடியைச் சங்கிலி போட்டுத் தூக்கினான், குடலை உருவுவதுபோல் பம்பை வெளியே எடுத்தான். சுற்றி நின்ற எல்லாரும் காலை இழுத்துக்கொண்டார்கள். கலப்பை நின்ற இடத்திலேயே நின்றது. அவன் அதில் தொங்கியும் பார்த்தான். "மாதாவே" என்றான். பிறகு, "டீ இருக்காக்கா?"

தென்னூரிலிருந்து, அறிவியல் விழிப்புணர்வுப் பேரவையின் தலைவரும் ஓய்வுபெற்ற பொறியாளருமான அற்புதசாமி அவர்கள் காரில் வந்திறங்கினார். தமது குடையைக் கலப்பையில் மாட்டிவிட்டு உரையாற்றினார். பம்பு இல்லாமல் கலப்பை மேலே நிற்காது, எனவே அது கீழேதான் இருக்கிறது என்றார்.

"குனிஞ்சு வாங்க சார்," என்றாள் பவுனம்மாள். "கீழ இருக்கறது தலையில இடிச்சிடப் போகுது."

அவர் குனிந்து குடையை எடுத்துக்கொண்டு போனார்.

பிலோமின்ராஜ் பம்பைச் சாக்கில் போட்டுவிட்டு, மூடியைப் பூட்டி எண்ணெயை ஊற்றினான். கைதுடைத்த துணி முன்சக்கரத்தடியில் பறந்து விழ, எடுக்கக் குனிந்தவன் கேட்டான்: "இது என்னக்கா, வத்திப்போயி?"

"அவரு நசுக்காம விட்டது."

பவுனம்மாள் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினாள். காய்ந்த பழங்கள் சத்தமில்லாமல் நசுங்கின. கலப்பை இறங்கியது. விழவில்லை, மருதை இறக்குகிற மாதிரி, மெதுவாக. அவள் திரும்பிப் பார்க்காமல் வயலுக்குள் ஓட்டினாள். வரப்போரம் கலப்பையைத் தூக்கித் திருப்பப் பம்பு இல்லாததால், ஓரத்திலிருந்து நடுவரைக்கும் சுற்றிச் சுற்றி ஒரே சாலாக உழுதாள். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மழைக்கும் அப்படியே உழுதாள்.

பம்பை மன்னார்புரத்தில் பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை.