மூன்று வாய்க் கிணறு

அந்த வெள்ளைத் துணியில் நீலம் இருந்ததா என்று இன்று யாராவது கேட்டால், சரியாக நினைவில்லை என்றுதான் சொல்வேன். இருந்தது என்று சில நாட்கள் தோன்றும். பிறகு நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு என் மனம்தான் அதற்கு நிறம் கொடுத்தது என்று சில நாட்கள் தோன்றும். இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு குழாயும் எந்தச் சுவரில் எத்தனை அடியில் இறங்கியது என்று இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். துணி மட்டும் பிடிபடவில்லை.

கட்டடம் பாளையங்கோட்டையில், இடித்துப்போட்ட பழைய கோட்டை மதிலுக்கு மேற்கே இருந்தது. ஆழ்வார்குறிச்சி தில்லைநாயகம் பிள்ளைக்குச் சொந்தம். அவருடைய பாட்டனார் கட்டிய மூன்றடுக்கு. நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிய பிறகு பிள்ளை அதைப் பகுதி பகுதியாக வாடகைக்கு விட்டுவிட்டு ஊரோடு இருந்துகொண்டார். கீழே தெருவைப் பார்த்து மேலப்பாளையம் மீரா முகைதீனின் ஜவுளிக்கடை. பின்கட்டில் ஐயம்பெருமாளின் காப்பி கிளப். நடுத்தளத்தில் ஒரு வக்கீலின் ஆபீஸ். மேல்தளத்தில் சாலோமி அக்காவின் விடுதி. திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டுக் குடும்பங்களிலிருந்து படிக்க வந்த பன்னிரண்டு பெண்பிள்ளைகள் அங்கே தங்கியிருந்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி அக்காவின் மகள் ஜெபகனி. உபாத்தியாயினிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

கிணறு கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. பின்சுவரை ஒட்டி ஒரு புகைபோக்கியைப் போல மூன்று தளத்துக்கும் ஏறிப்போன செங்கல் கூண்டு. தளத்துக்கு ஒரு வாய், வாய்க்கு ஓர் உருளை; கீழ்வாய் பின்முற்றத்தைப் பார்த்திருந்தது. மேலே இருப்பவர்கள் இறங்காமலேயே தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம். பேச்சும் அப்படித்தான். மேலே பேசுவது கீழே தண்ணீர்மட்டத்தில் பட்டு, சொன்னவர் பக்கத்தில் நிற்பதுபோலக் கேட்கும்.

1911-ஆம் வருஷம் சித்திரையில் என்னை அழைத்தார்கள். நான் அதற்கு முன் ஏழு வருஷம் கால்வாய் மராமத்தில் ஓவர்சியர். வேலையை விட்டுவிட்டு, பழைய கட்டடங்களின் நிலைமையைப் பார்த்து எழுதிக்கொடுத்துப் பிழைத்துவந்தேன். விடுதிகளுக்கு அரிசி கொடுத்துவந்த தர்ம நிதிக்காரர்கள் அந்த வருஷம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கிணறு, சாக்கடை, கக்கூஸ், மழைநீர்க் குழாய், விளக்கு இவையெல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகக் கட்டட விவரம் தெரிந்த ஒருவர் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அரிசி நிற்கும். அரிசி நின்றால் விடுதி இல்லை.

முதல் நாள் குழாய்களைப் பார்த்தேன். மழைநீர்க் குழாய்கள் சுட்ட மண்ணால் ஆனவை. சுவருக்குள் புதைத்துப் பூசியிருந்தார்கள். அவற்றில் விரிசல் எங்கே என்று கண்ணால் தெரியாது. ஈரவைக்கோலும் சாம்பிராணியும் போட்ட சட்டியைக் குழாயின் கீழ்வாயில் வைத்து, மேல்வாயைக் கோணியால் அடைத்துவிட்டால், விரிசல் உள்ள இடத்தில் சுவர் புகை விடும். அன்று சுவர் ஒன்பது இடத்தில் புகைவிட்டது.

ஐயம்பெருமாள் கரண்டியோடு வந்து நின்றான்.

"என்ன ஓவர்சியரய்யா, சாக்கடைக்குப் பூசை போடுதிய? எங்க கிளப்புக்குள்ள சாமி வந்திரப்போவுது."

"உம்ம காப்பியக் குடிச்சா சாமி ஓடிரும் வே" என்று கடையிலிருந்து மீரா முகைதீன் குரல் கொடுத்தார்.

"ஓடுத சாமி உம்ம கடைப்பக்கம் ஓடாது. முழத்துக்கு ரெண்டு விரக்கட குறையுத கடைல அதுக்கு என்ன சோலி?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குழாய்களைச் சரிபண்ணிவிடலாம். மாடிப்படி விளக்குகளையும் சரிபண்ணிவிடலாம். எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். மேல்தளக் கக்கூஸின் குழி பின்முற்றத்தில் இருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் பதினொரு அடி. இரண்டுக்கும் நடுவே கிளப்பின் சாக்கடை ஓடியது. அதன் தளக்கற்களை மரச்சுத்தியால் தட்டினேன். பாதிக் கற்கள் அடியில் பொந்து விழுந்ததுபோல ஒலித்தன. அடியில் சுண்ணாம்பு கரைந்து போயிருந்தது.

அதற்கு ஒரு சோதனை உண்டு. மேலப்பாளையத்துச் சாயக்காரர் ஒருவரிடமிருந்து மீரா முகைதீன் ஒரு பானை அவுரி நீலம் வாங்கித் தந்தார். பாதியைச் சாக்கடையிலும் பாதியைக் குழியிலும் ஊற்றினேன். மூன்று நாள் காத்திருந்து, கிணற்று நீரில் வெள்ளைத் துணியை நனைத்து உலர்த்திப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நீலம் துணியில் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் மீரா முகைதீனின் கடைப்பையன் ஒரு முழம் வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுத்தான். நான் கீழ்வாயில் குனிந்து வாளியை விட்டேன். தண்ணீர் முப்பத்தெட்டு அடியில் கிடந்தது. அப்போது மேல்வாயிலிருந்து பேச்சு இறங்கி வந்தது.

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்றது சாலோமி அக்காவின் குரல். "கிணறு நல்லாருக்குன்னு அந்தத் தம்பி எழுதணும்னு கேளுங்க."

பிறகு ஒரு சிறு பெண்ணின் குரல்.

"எழுதலன்னா பெரியம்மா?"

"எழுதலன்னா வீட்டுக்குப் போணும். பதனி காய்ச்சணும். அய்யா பாத்த மாப்பிள்ளையக் கட்டிக்கிடணும்."

"அப்ப நான் சத்தமாவே கேக்கேன்."

சிரிப்பு. அதற்குப் பிறகு பன்னிரண்டு பேரின் முணுமுணுப்பு. கூண்டு முழுவதும் அது நிறைந்தது. நான் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அசைந்தால் உருளை கிரீச்சிடும். நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிடும்.

வாளி மேலே வந்ததும் துணியை நனைத்தேன், முற்றத்துக் கொடியில் போட்டேன். உலர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். இங்கேதான் என் நினைவு தடுமாறுகிறது. மடிப்பின் ஓரத்தில் ஒரு மங்கல் இருந்தது. அல்லது வானத்தின் சாயல் விழுந்ததா? வெளுத்துவரும் துணிகளுக்கு ஆலையிலேயே கொஞ்சம் நீலம் போடுவார்கள், வெள்ளை எடுப்பாகத் தெரிவதற்காக. இது அந்த நீலமாகவும் இருக்கலாம். நனைப்பதற்கு முன் துணியைப் பார்த்து வைத்துக்கொள்வது முறை. நான் பார்க்கவில்லை. என் காது மேல்வாயில் இருந்தது.

மீரா முகைதீனிடம் கேட்டிருக்கலாம். துணியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். கடையின் பின்வாசல் முற்றத்திலிருந்து பத்தடி. அவர் யாருக்கோ சேலை விரித்துக் காட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் போகவில்லை. துணியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல வழியில்லை, ஏழு வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். பங்குனி சித்திரையில் பாளையங்கால் வாய்க்காலை அடைத்துத் தூர் வாருவார்கள். அந்த இரண்டு மாதமும் ஊர்க் கிணறுகள் இறங்கிக் கிடக்கும். ஆனியில் கார் நெல் நடவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதும், மண்ணுக்குள்ளேயே ஊறி வந்து, கிணறுகள் முப்பதடியும் ஏறிவிடும். ஏறின தண்ணீர் குழியின் அடியையும் சாக்கடையின் அடியையும் தொடும். கால் அடைத்திருக்கும்போது கிணற்றைச் சோதிப்பது அரைச் சோதனை. கால் திறந்து பத்து நாளில் மறுபடியும் செய்ய வேண்டும். அதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

நிதிக்காரர்களின் தாளில் இப்படி எழுதினேன்: "கிணற்று நீர் சுத்தமாயிருக்கிறது. சாக்கடையால் பாதகமில்லை." கால் திறந்த பிறகு மறுசோதனை என்ற வரியை எழுதவில்லை. எழுதினால் ஆனிவரை அரிசியை நிறுத்தி வைப்பார்கள். நானே வந்து பார்த்துவிட்டால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்து கால் திறந்தார்கள். என் வீட்டுக்குப் பின்னால்தான் ஓடும். புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுத்த வாரம் ஒருநாள் இன்னொரு பானை நீலத்தைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருமுனை வரை போனேன். மறுபடியும் நீலம் ஊற்றினால் இந்தத் தடவை தெரியும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தெரிந்தால் நான் எழுதியது பொய்யாகும். திரும்பிவிட்டேன். அம்பாசமுத்திரத்தில் வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை இருந்தது, ஆனால் அது அவசர வேலை இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சாலோமி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஜெபகனியும் பக்கத்தில் நின்றாள். உயரமான பெண், கையில் பாட்டுப் புத்தகம்.

"தம்பி, உங்களுக்கு நான் ரொம்பக் கடமப்பட்டிருக்கேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா."

"இல்ல, கேளுங்க. இம்புட்டு நாளும் குடிதண்ணியக் காய்ச்சித்தான் புள்ளைகளுக்குக் குடுத்தேன். கிணத்த நினைச்சா எனக்கே ஒரு பயம். இப்ப நீங்களே சுத்தம்னு எழுதிட்டிய. காய்ச்சுதத விட்டாச்சு. விறகு எம்புட்டு மிச்சம் தெரியுமா?"

"விறகு மட்டுமா? புகையில்லாம படிக்க முடியுது மாமா" என்றாள் ஜெபகனி.

"இப்பத் தண்ணியும் கைக்கெட்டுத தூரத்துல வந்துட்டு. மேல இருந்தே பாத்தா மொகம் தெரியுது" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'இன்றைக்கே காய்ச்சுங்கள்' என்று இரண்டு சொல். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கேட்டிருப்பாள். என் எழுத்தையே நம்பினவள் என் வாயை நம்பமாட்டாளா? கோவில்மணி நின்று போயிருந்தது. வேப்பமரத்தடியில் வண்டி மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல. நான் தலையை அசைத்தேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

நான் பேசாத மனிதன் என்று ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு.

ஆடி முதல் வாரத்தில், திருச்செந்தூருக்குப் போகிற வழியில் நடுத்தள வக்கீலைப் பார்க்க வந்த ஒரு கட்சிக்காரருக்கு வாந்திபேதி கண்டது. அந்தப் பின்முற்றத்துச் சாக்கடையில்தான் எல்லாவற்றையும் கழுவி ஊற்றினார்கள். நாலாம் நாள் விடுதியில் ஒரு பெண் படுத்தாள். ஆறாம் நாள் ஐந்து பேர். கிளப்பில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அங்கே எல்லாம் கொதித்த தண்ணீர்.

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது நாலு பேர் போயிருந்தார்கள். ஜெபகனி அன்று மத்தியானம் போனாள். நான் மேல்தளத்துக்கு ஏறவில்லை. முற்றத்தில் கிணற்று வாயருகே நின்றேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தண்ணீர் நின்றது. மேலேயிருந்து சாலோமி அக்காவின் குரல் இறங்கி வந்தது. அவள் அழவில்லை. மகளின் பெயரை ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாடம் கேட்கும்போது கூப்பிடுவதுபோல.

மீரா முகைதீன் ஒரு துணிக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து வந்தார். பிள்ளைகளைச் சுற்றுவதற்கு என்று எனக்குப் புரிந்தது. கட்டின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கிழித்த அடையாளம் இருந்தது.

"இது அன்னைக்கு எனக்குக் குடுத்த துணியா?" என்று கேட்டேன்.

"அதேதான் வே. எறந்தவங்களச் சுத்துத கஃபனுக்குன்னு தனியா வச்சிருக்குத கட்டு. கஞ்சி, நீலம் ஒண்ணும் போடாதது. உமக்குச் சுத்தமான வெள்ள வேணுமேன்னு பையன்ட்ட இதுலதான் கிழிக்கச் சொன்னேன்." நின்று என்னைப் பார்த்தார். "ஏன் கேக்கீரு?"

நான் கிழித்த ஓரத்தையே பார்த்தேன்; ஆலை நீலம் என்று சொல்லிக்கொள்ள இனி வழியில்லை. அவர் படியேறிப் போனார். படியில் புகையேறிய சுவரில் அவர் கை தடவிக்கொண்டே போனது. ஒன்பது விரிசலையும் நான் பூசச் சொல்லியிருந்தேன், ஒழுங்காகப் பூசியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பையில் அந்தத் துணியைத் தேடினேன். கிடைக்கவில்லை. மனைவி அதைத் துவைத்து அடுப்படியில் கைப்பிடித் துணியாக்கியிருந்தாள்.

ஐந்து பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அடக்கம் செய்தார்கள். மற்ற ஏழு பேரும் ஊருக்குப் போனார்கள்; அவர்களில் ஒருத்தி மட்டும் பின்னால் உபாத்தியாயினி ஆனாள். சாலோமி அக்கா திசையன்விளையில் தம்பி வீட்டில் பதினொரு வருஷம் இருந்து இறந்தாள். கடைசிவரை என்னைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை என்று கேள்வி. ஐயம்பெருமாள் கிளப்பை ஸ்டேஷன் பக்கம் மாற்றிக்கொண்டு நன்றாக இருந்தான். மீரா முகைதீன் கடையை மேலப்பாளையத்துக்கே கொண்டுபோய்விட்டார், அங்கேயே மௌத்தாகி அடக்கமானார். தில்லைநாயகம் பிள்ளை கட்டடத்தை விற்றார். வாங்கினவர்கள் இடித்துக் கிணற்றைத் தூர்த்தார்கள். நான் எழுதிய தாளை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டடம் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதப் போனேன். இன்னும் உயிரோடு இருக்கிறேன்.