நம்பாதவர் கட்டிய பூ

என் தங்கச்சி மகள் சுபலட்சுமி நர்ஸ் படித்தவள். அவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று சவுதியில், ரியாத் நகரத்தில். இன்னொன்று ஜெர்மனியில். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அன்றிலிருந்து மதுரை கே.கே. நகரில் அவர்கள் வீட்டு ஹாலில் தினமும் சண்டை.

அவள் அப்பா முத்துக்குமரன், அதாவது என் மாப்பிள்ளை, கல்யாணத்தன்றுகூடத் திருநீறு பூசாத ஆள். "மதத்தையும் ஆட்சியையும் பிரிச்சு வச்ச நாடுதான் மச்சான் முன்னுக்கு வரும். பிள்ள ஜெர்மனிக்குத்தான் போகணும்" என்பார். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சிம்மக்கல்லில் வத்தல் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். சூடம் காட்டாமல் ஒருநாள்கூட ஷட்டரைத் தூக்கியதில்லை.

"சாமிக்குப் பயந்த நாடுதான் மாப்ள உருப்படும். சவுதியப் பாருங்க, வானத்த முட்டக் கட்டடம் கட்டுறான்."

"அது எண்ணெய் மச்சான், சாமி இல்ல."

"அந்த எண்ணெயக் குடுத்தது யாரு?"

இந்த இடத்தில் காபி ஆறிப்போகும். தங்கச்சி அழகம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி உள்ளே போவாள்.

சுபலட்சுமி பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டினாள். பிறகு போனில் தேடித் தேடிப் படித்து எங்களையும் சேர்த்துக் குழப்பினாள். "மாமா, ஜெர்மனியில சர்ச்சுல பேரு இருந்தா சம்பளத்துலயே சர்ச்சுக்கு வரி பிடிச்சிருவாங்களாம். சவுதியில சம்பளத்துக்கு வரியே கிடையாது" என்றாள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அப்படியென்றால் எது சாமி நாடு, எது சாமி இல்லாத நாடு?

"இங்கிலாந்துல ராஜாதான் சர்ச்சுக்கும் தலைவர்ப்பா. அவங்க முன்னேறலையா?" என்று அப்பாவைக் கேட்டாள். மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிலுக்கு வழி தெரியாத நேரத்தில் அவர் செய்கிற வேலை அது. விடுவேனா நான்? "சாமியே கெடையாதுன்ன ரஷ்யா துண்டு துண்டாப் போச்சுல்ல மாப்ள" என்று எடுத்துக் கொடுத்தேன். உடனே அவள் என் பக்கம் திரும்பி, சாமி பெயரைச் சொல்லி அடித்துக்கொண்டே தரித்திரம் பிடித்துக் கிடக்கிற நாடுகளை வரிசையாகச் சொன்னாள்.

"நம்ம நாடு எதுல சேத்தி?" என்று அழகம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"சட்டப்படி மதச்சார்பற்றது" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப போலீஸ் ஸ்டேஷன்ல ஆயுத பூசைக்குப் பொரி குடுக்குறாங்களே, அது என்ன?"

மாப்பிள்ளை மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

இரண்டு ஆஸ்பத்திரிக்கும் பதில் அனுப்பக் கெடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்று காலையில் அழகம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "உங்க ரெண்டு பேர் நியாயத்துல எம்பிள்ள மெலிஞ்சு போனா. சாமிகிட்ட பூக்கட்டிப் பாப்போம்."

எங்கள் குலதெய்வம் பரவை ஊருக்கு அப்பால், வயல்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. முடிவு தெரியாத காரியம் என்றால் அங்கேதான் போவோம். செவ்வரளியை ஓர் இலைத்துண்டிலும் வெள்ளரளியை இன்னொன்றிலும் பொதிந்து, நாரால் கட்டிச் சாமி முன்னால் போட வேண்டும். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். சிவப்பு வந்தால் சவுதி, வெள்ளை வந்தால் ஜெர்மனி என்று பேசிக்கொண்டோம்.

யார் கட்டுவது என்பதில் மறுபடியும் தகராறு. என்னைக் கட்டவிட்டால் சவுதிக்குச் சாதகமாகக் கட்டிவிடுவேனாம், மாப்பிள்ளை சொல்கிறார். பூசாரி பேயாண்டிதான் தீர்த்து வைத்தார். "சாமி மேல நம்பிக்கை இல்லாதவரு கட்டட்டும். அவருக்கு எந்தச் சார்பும் இருக்காதுல்ல." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மாப்பிள்ளை பூவை வாங்கிக்கொண்டு புளியமரத்துப் பக்கம் போய்க் கட்டிக்கொண்டு வந்தார்.

சுபலட்சுமி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பேயாண்டி பிரித்தார். செவ்வரளி.

எனக்கு வந்ததே ஒரு குஷி. அத்தனை நாள் வாதாடிய வயிற்றெரிச்சல் எல்லாம் சேர்ந்து, வழக்கத்தை மறந்து மற்றப் பொட்டலத்தை எடுத்துவிட்டேன். "இந்தாங்க மாப்ள, உங்க ஜெர்மனியக் கையில வச்சுக்கங்க" என்று நாரை அறுத்தேன்.

அதிலும் செவ்வரளி.

பேயாண்டி பொட்டலத்தைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். "அப்பச் சாமி என்னதான்ணே சொல்லுது?" என்று அழகம்மாள் என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஒரு மாதமாக ஜெர்மனி ஜெர்மனி என்று என் உயிரை வாங்கிய மனுஷன் இரண்டிலும் சவுதியை வைத்துக் கட்டியிருக்கிறார்.

"என்ன மாப்ள இது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரியாத்துன்னா ரெண்டு வருச காண்ட்ராக்ட் மச்சான். முடிஞ்சா அனுப்பிச்சிருவான். ஜெர்மனிக்காரன் வீடு குடுப்பான், பாஸ்போர்ட் குடுப்பான். அப்பறம் இவ எதுக்கு இங்க வரப்போறா? நல்ல நாடுன்னாலே அதான பயம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள் சுபலட்சுமி.

"எப்படித்தா சொல்றது? எங்க வேணாலும் போ, எவனுக்கும் பயப்படாதன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டேன். இப்பப் போய்ப் போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சாமி சொன்னதா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அந்த ஆள் மேல் அதுவரை எனக்கு இரக்கம் வந்ததே இல்லை. அழகம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

சுபலட்சுமி அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இத நேத்து உங்க வாயால சொல்லியிருந்தீங்கன்னா நான் எங்கயும் போறேன்னே சொல்லியிருக்க மாட்டேன்பா."

"இப்ப?"

"இப்ப நீங்க வளத்த மாதிரிதான போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து ஜெர்மனிக்குச் சம்மதம் என்று அடித்தாள்.

அந்த வயல்காட்டில் டவர் கிடைக்கவில்லை. மாப்பிள்ளைதான் போனை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் அங்கும் இங்கும் நடந்து, அதை அனுப்பிவிட்டு வந்தார்.