உருகிய குவார்ட்ஸ்

பெங்களூர் ஆய்வுக்கூடமொன்றில், ஆராய்ச்சி மாணவி சங்கமித்ரா நுண்ணோக்கியில் காட்டிய பாறைத் துணுக்கை நெறியாளர் ரகுராம் அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

“இது எரிமலைக் கல்லு. தங்கவயல்ல கல்லு ஒடைச்சவர் பொண்ணுக்கு விண்கல் கேக்குதா?”

அவள் நுண்ணோக்கியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எரிமலைக் குழம்பு ஆயிரத்து இருநூறு டிகிரிய தாண்டாது சார். இதுல குவார்ட்ஸே உருகியிருக்கு. அதுக்கு ஆயிரத்து எழுநூறு வேணும். விண்கல் மோதுற வேகத்துல பாறை நசுங்கி, அழுத்தம் விட்டதும் மிஞ்சுற சூட்டுலதான் அப்படி உருகும்.”

“என் கையெழுத்து இல்லாம கட்டுரை போகாது.”

“அப்ப உங்க பேரு இல்லாமலே போகும்.”

மறுநாளே அவர் ஆய்வுக்கூடச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஜீவனஹள்ளியில் இருந்த தன் வீட்டிலிருந்து அவள் தனியாகவே கட்டுரையை அனுப்பினாள். 1997இல் அது அச்சேறியபோது, அவளுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ரகுராம் கைகுலுக்கக் கை நீட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.