அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடுங்கள்

வண்டியில் புது கம்ப்யூட்டர் சர்வர் ஒன்றுகூட மிச்சமில்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போகும் படகில் இருந்தவர்களில் இது ஐலிஃபுக்கு மட்டும்தான் தெரியும்.

சால்மன் பண்ணைகளுக்குத் தீவனம் விற்கும் கம்பெனி அது. நார்வேயின் வடகடல் ஓரமாக, ஊருக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கிளைகள். எல்லாக் கிளைகளிலும் பழைய சர்வரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டே வாரம் முழுக்க ஐலிஃப் தெற்கே இறங்கியிருந்தான். கடைசிக் கிளை ஹெஸ்ட்வேர் தீவு. அதற்கான பெட்டி மட்டும் வண்டியில் ஏறவே இல்லை.

தலைமை அலுவலகக் கிடங்கில் சரக்கு ஏற்றியபோதே அவன் ஸ்டைனாரிடம் கேட்டான். ஸ்டைனார் அவனுக்கு மேலதிகாரி.

"ஒரு பெட்டி குறையுதே?"

"குறையல. ஹெஸ்ட்வேர்ல பழசை எடுத்துட்டு வா, அவ்வளவுதான். அந்த ஆபீஸை மூடுறோம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"திங்கட்கிழமை கூட்டத்துல முறைப்படி சொல்லுவோம். தொழிற்சங்கத்து ஆளும் இருப்பாரு. அதுவரைக்கும் நீ வாயத் திறக்காதே."

"யோருன் கேப்பாளே, புதுசு எங்கன்னு?"

"ஏதாவது சொல்லிச் சமாளி. நீ கேபிளப் பாரு, பேச்ச நாங்க பாத்துக்கறோம்."

யோருன் ஹெஸ்ட்வேர் கிளையின் கணக்குகளைப் பார்ப்பவள். ஐலிஃபுக்கு அவள் அதற்கும் மேலே. ஒரு கிளையில் சர்வர் படுத்துக்கொண்டால் அவன் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி என்ன செய்ய முடியும்? அந்த ஊரில் யாராவது சர்வர் இருக்கும் அலமாரியைத் திறந்து அவன் சொல்லும் பொத்தானை அழுத்த வேண்டும். ஹெஸ்ட்வேரில் அந்தக் கை யோருனுடையது. பல வருடங்களாக, புயலடித்து மின்சாரம் போய் வரும்போதெல்லாம், போனில் அவள் குரல் கேட்கும். "ஐலிஃப், கிழவன் மறுபடி மூச்சு விடல. எந்த ஒயரைப் புடுங்கட்டும், நீலமா, மஞ்சளா?" இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் தப்பான ஒயரைப் பிடுங்கியதில்லை.

படகு கரை சேர்ந்தபோது கிடங்குக்காரர் ஓத்லெய்வ் மழைக்கோட்டோடு நின்றிருந்தார்.

"வாங்க கம்ப்யூட்டர் டாக்டரே! யோருன் வாஃபிள் சுடற வெள்ளிக்கிழமையா பாத்து வந்திருக்க பாரு. வாசனை உங்க ஆபீஸ் வரைக்கும் அடிச்சுதா?"

"அடிச்சுது, அடிச்சுது. நீங்க எல்லாத்தையும் தின்னு தீக்கறதுக்குள்ள வந்துடணும்னு ஓடி வர்றேன்."

சிரித்தான். ஆனால் வண்டியின் பின்கதவை இருமுறை இழுத்துப் பார்த்துப் பூட்டினான்.

உள்ளே யோருன் மாவு ஒட்டிய கையோடு வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். முதல் வேலையாக அலமாரி அறைக்கு இழுத்துப் போனாள். பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் அகற்றி, தரையைத் துடைத்து, சுவரில் வெள்ளைப் பூச்சுகூட அடித்திருந்தாள்.

"புதுசுக்கு இடம் போதுமா பாரு. தூசி ஆகாதுன்னு நீதானே கத்துவ?"

"தாராளமா போதும்" என்றான் ஐலிஃப்.

மேஜையில் வாஃபிள், பழுப்புச் சீஸ், ஜாம். மூவரும் உட்கார்ந்தார்கள். யோருன் காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு ஒரு சேதி தெரியுமா? ஊராட்சி ஆபீஸ்ல எனக்கு வேலை குடுத்திருக்காங்க. நிரந்தரம். ஓய்வு பெறுற வரைக்கும் கவலையில்ல."

ஐலிஃபின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது போலிருந்தது. "அடடே! எப்ப சேர்ற?"

"எங்க சேர்றது? இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள எழுதிச் சொல்லணும். வேண்டாம்னு சொல்லலாமான்னு பாக்கறேன்."

"ஏன்?"

"சம்பளம் இங்கதான் ஒசத்தி. டோர்கெய்ருக்கு முதுகு போனதுலேர்ந்து அவரால கடலுக்குப் போக முடியல, உனக்குத் தெரியும். வீட்டுல ஒரே சம்பளம். ரெண்டு மாசமா ஒரே குழப்பம், இந்த ஆபீஸ் நிக்குமா நிக்காதான்னு. அப்புறம் நீ வர்றேன்னு தகவல் வந்துச்சு. மூடப் போற கடைக்கு எவனாவது புதுச் சர்வர் வாங்கி வைப்பானா?"

"வைக்க மாட்டான்" என்றார் ஓத்லெய்வ், வாய் நிறைய வாஃபிளோடு. "நம்ம முதலாளி பேனா வாங்கவே மூணு தரம் யோசிக்கறவன்."

இருவரும் சிரித்தார்கள். தொண்டை வரை வந்த வார்த்தையை ஐலிஃப் காப்பியோடு விழுங்கினான். ஓத்லெய்வ் இருக்கிறாரே, இவருக்குத் தெரிந்தால் மாலைக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அவர் கிடங்குக்குப் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தான்.

"அவசரப்பட்டு எழுதிடாதே. சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்று மட்டும் சொன்னான்.

"அதான் நானும் பாக்கறேன். நீ வேலைய முடி. புதுசு ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அலமாரி அறைக்குள் போய்ப் பழைய சர்வரில் இருந்ததை எல்லாம் தலைமை அலுவலகத்துக்கு நகலெடுக்கப் போட்டான். முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டைனாரைக் கூப்பிட்டான்.

"ஸ்டைனார், அவளுக்கு இன்னொரு வேலை வந்திருக்கு. நம்மள நம்பி அதை விடப் பாக்கறா. சொல்லிடறேனே?"

"முடியாது, ஐலிஃப். ஒருத்தருக்கு முன்னாடியே தெரிஞ்சா மத்த கிளைக்காரங்க சங்கத்துக்குப் போவாங்க. சட்டப் பிரச்சினை ஆயிடும். உன் வேலையும் போகும்."

"மனுஷங்கதானே நாம?"

"நான் இல்லேன்னா சொன்னேன்? திங்கட்கிழமை வரைக்கும்தான்."

போனை வைத்துவிட்டு ஐலிஃப் வெறும் தரையில் உட்கார்ந்தான். புதுச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. வேலை போனால் போகட்டும் என்று மனம் ஒரு பக்கம் சொன்னது. மகள் படிப்பு இன்னும் பாதிதானே முடிந்திருக்கிறது என்றது மறுபக்கம். சர்வரின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் முடிவுக்கு வந்தான். சொல்லிவிடுவது. ஓத்லெய்வ் கிடங்குக்குப் போய்விட்டார், சத்தம் கேட்டது. நகல் முடிந்ததும் இதை நிறுத்திவிட்டு நேரே அவளிடம் போய் உட்கார்ந்து சொல்லிவிடுவது. மனம் லேசானது. கை தானாக வேலையில் இறங்கியது.

நகல் முடிந்தது. நிறுத்துமுன் ஒரு சர்வர்காரன் செய்யும் வேலை ஒன்று உண்டு. இந்த வாரம் கிளைக்குக் கிளை செய்தது, இருபத்தைந்து வருடமாகச் செய்வது. கதவை லேசாகத் திறந்து குரல் கொடுத்தான்.

"நிறுத்தப் போறேன்! அனுப்ப வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே அனுப்பிடுங்க!"

"இரு, இரு, ஒரே நிமிஷம்!" யோருனின் குரல். விசைகள் படபடவென்று தட்டும் சத்தம். "ம், போயிடுச்சு! நிறுத்து!"

ஐலிஃப் பொத்தானை அழுத்தினான். காற்றாடியின் இரைச்சல் அடங்கியது. ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தான்.

"யோருன், ஒண்ணு…"

"முதல்ல நான். அனுப்பிட்டேன்!" நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் விரித்தாள். "வேண்டாம்னு எழுதிட்டேன். காலையிலேர்ந்து அந்த மெயில எழுதறதும் அழிக்கறதுமா இருந்தேன். நீ கத்தினியா, சரி, இனி என்ன யோசனைன்னு தட்டிட்டேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஏம்ப்பா வெளுத்துப் போய் நிக்கறே? பசியா? வா, புதுசை இறக்கிடுவோம். நானும் ஒரு பக்கம் பிடிக்கறேன்." மேஜையில் கிடந்த வண்டிச் சாவியை அவளே எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"யோருன், இரு!"

அவள் நிற்கவில்லை. அவன் வாசலுக்கு வருவதற்குள் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பழைய சர்வர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிறு கட்டி நின்றன. ஓரமாக, இன்னொரு பழசுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். அவன் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள்.

"ஊராட்சி ஆபீஸ் வென்கேவா? நான்தான் யோருன். இப்ப ஒரு மெயில் அனுப்பினேனே… ஆமா… அதை எடுத்துக்காம விட முடியுமா?… ஓ. உடனே கூப்பிட்டுட்டீங்களா?… அழுதாளா, பாவம்… இல்ல இல்ல, சொன்னது சொன்னதுதான். அவளுக்கும் ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நல்லதாப் போச்சு."

கைப்பேசியைப் பையில் போட்டாள்.

"அடுத்து வரிசையில நின்னவளுக்குக் குடுத்துட்டாங்க" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

"நான் சொல்ல வந்தேன், யோருன். சத்தியமா, நிறுத்திட்டு நேரா வந்து…"

"நிறுத்திட்டு." அவள் தலையாட்டினாள். "எல்லாத்தையும் ஒழுங்கா செய்யற ஆளு நீ. எப்பவுமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். பாராட்டும் குரலிலேயே சொன்னாள். உள்ளே போய் வாஃபிள் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். சர்வரை அவன் தனியாகவே தூக்கி வந்து ஏற்றினான். படகு கிளம்பும்போது கரையில் யாரும் இல்லை.

திங்கட்கிழமை கூட்டம் திரையில் நடந்தது. எல்லாக் கிளைகளையும் இணைக்கும் வேலை ஐலிஃபுடையது. புதிய சர்வர்கள் பழுதில்லாமல் ஓடின. முகங்கள் பளிச்சென்று வரிசையாகத் தெரிந்தன. சர்வர் போன ஹெஸ்ட்வேர் ஆபீஸில் இணைப்பு இல்லாததால் யோருனும் ஓத்லெய்வும் அவள் வீட்டிலிருந்து போனில் வந்தார்கள். அவர்களுக்கான கட்டம் கறுப்பாக இருந்தது.

ஹெஸ்ட்வேரை மூடும் முடிவை ஸ்டைனார் தாளைப் பார்த்துப் படித்தார். ஓத்லெய்வ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சங்கத்து மனிதர் தொண்டையைக் கனைத்தார்.

"யோருன், பதிவுக்காக ஒண்ணு கேக்கணும். இந்த முடிவப் பத்திக் கம்பெனி ஆளுங்க யாராவது முன்னாடியே உங்ககிட்ட சொன்னாங்களா?"

ஸ்டைனாரின் பார்வை ஓரக்கண்ணால் ஐலிஃபைத் தொட்டுப் போனது. ஐலிஃப் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

கறுப்புக் கட்டத்திலிருந்து குரல் வந்தது. வழக்கமான, தெளிவான குரல். நீலமா, மஞ்சளா என்று கேட்கும் அதே குரல்.

"இல்லீங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லல."

"நல்லது" என்று சங்கத்து மனிதர் எழுதிக்கொண்டார்.

ஐலிஃபின் வேலை பிழைத்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கூட்டம் முடிந்து முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்த பிறகும், அவன் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.