ஆறாவது கற்சாடியின் முடிவு

காலையில் முதல் ஷிப்ட் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். மற்ற நாளெல்லாம் அதில் சினிமாப் பாட்டு ஓடும். சனிக்கிழமை மட்டும் ஜெபக்கனி ஓடுவாள். ஆள் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். குரல் மட்டும் டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து கணீரென்று வரும்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரத்துப் புது வரவு என்னன்னு பாப்பமா?"

புது வரவு என்றால் சேலை, சுடிதார் இல்லை. கிறிஸ்தவக் காதல் நாவல்கள். அப்படியும் ஒரு வகை உண்டா என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். உண்டு, ஏராளமாக உண்டு. நாகர்கோவில் டீச்சர்கள் எழுதுகிறார்கள், பாஸ்டர் வீட்டு அம்மாமார் எழுதுகிறார்கள், குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஒருத்தி எழுதுகிறாள். பாதி போனில் வரும், மீதி புத்தகமாக வரும். கதாநாயகி பாடகர் குழுவில் இருப்பாள். கதாநாயகன் டாக்டராக இருப்பான், விசுவாசத்தை விட்டு விலகிப் போயிருப்பான். ஒருவர் கையை ஒருவர் தொடுவதற்குள் நூறு பக்கம் ஜெபம் பண்ணிவிடுவார்கள். ஆனால் படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எந்த நாவல் வந்திருக்கிறது, யார் எழுதியது, எங்கே கிடைக்கும், கதை என்ன என்றெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பதிவு செய்து, வாட்ஸ்அப் குழுவில் போடுவாள் ஜெபக்கனி. மறுநாள் காலை டிரைவர் சாம்சன் அதை பஸ்ஸில் ஓடவிடுவான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு அவளுக்கு. கதையின் முடிவைச் சொல்ல மாட்டாள். தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டாள். "முடிவைச் சொல்லிட்டா எழுதுனவ வயித்துல அடிச்ச மாதிரி" என்பாள்.

அவள் உடன்குடிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் காருக்கு ஒயர் செட் கட்டுகிற கம்பெனியில் செக்கிங் வேலை. ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலுக்கு அவள் வந்தபோது அறையில் அவள்தான் சின்னவள். இப்போது வருகிற பெண்களெல்லாம் அவளை அக்கா என்று கூப்பிட்டு, சிலது ஆன்ட்டி என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறது. அவளோடு தங்கினவர்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனார்கள். போகிறவள் பத்திரிகை கொடுப்பாள், கட்டிப்பிடித்து அழுவாள், தன் குளியல் வாளியை மட்டும் விட்டுவிட்டுப் போவாள். மாமியார் வீட்டுக்கு வாளியா தூக்கிக்கொண்டு போக முடியும்? அப்படிச் சேர்ந்த வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் கிறிஸ்மஸ் அன்று போன் பண்ணுவான், அதுவும் ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளைகள் கத்துகிற சத்தத்தோடு.

கல்யாணக் கதைகளை ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு, அறைக்குத் திரும்பினால் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. தனிமை, தனிமைதான், அதற்கு வேறு அலங்காரப் பேர் வேண்டாம்.

அந்த ஊரில் அவளிடம் கேள்வி கேட்கிற ஒரே ஆள் சாம்சன். தண்டலத்துக்காரன், அவளைப் போலவே வயது ஏறிப்போனவன், அம்மாவோடு இருக்கிறான், அவள் போகிற சபைதான். இறங்கும்போது நிறுத்திக் கேட்பான்.

"இன்னா சிஸ்டர், அந்த டாக்டரு கட்சீல சபைக்கு வந்தாரா இல்லியா?"

"படிச்சுப் பாருங்க பிரதர்."

"எனக்கு எங்க படிக்க டைம் கீது? நீங்க சொல்றதுதான் எனக்கு புக்கு."

அந்த ஒரு வரியை வாரம் முழுக்க வைத்துக்கொண்டு சாப்பிடுவாள் ஜெபக்கனி. ஆனால் சபைப் பழக்கம் இருக்கிறதே! அவன் வாயில் சிஸ்டர், இவள் வாயில் பிரதர். இந்த இரண்டு வார்த்தையையும் வைத்துக்கொண்டு யார் யாரிடம் என்ன சொல்ல முடியும்?

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது, வல்லம் பக்கத்தில் டயர் பஞ்சராகிவிட்டது. டயர் மாட்டுகிறவன் வருகிறவரை எல்லாரும் ரோட்டோரக் கடையில் டீ குடித்தார்கள். பெண்கள் கூட்டமாக நின்று போனில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி தனியாக நின்றாள். சாம்சன் டம்ளரோடு அவள் பக்கம் வந்தான்.

"வூட்ல பொண்ணு பாக்குறாங்க சிஸ்டர். குன்றத்தூர்ல ஒரு எடம். நல்ல குடும்பம்னு அம்மா சொல்லிக்கினே கீறாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"ஏன் பிரதர்?"

"அதான்..." டம்ளரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நீங்க இன்னா சொல்றீங்க?"

ஒரு மனிதன் இதைவிட எப்படிக் கேட்பான்? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இத்தனை வருடம் படித்த கதாநாயகிகள் அத்தனை பேரும் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஜெபம் பண்ணுங்க பிரதர். கர்த்தர் ஒரு அடையாளம் காட்டுவாரு."

அடிப்பாவி! கேட்டது என்ன, நீ சொன்னது என்ன?

சாம்சன் நல்லவன், நம்பிவிட்டான். "அடையாளம் எப்டி கேக்குறது சிஸ்டர்?"

"சண்டே ஸ்கூல்ல சொல்லித் தந்திருப்பாவளே, ஆட்டுத்தோல விரிச்சு வச்சு, பனி இதுல மட்டும் விழணும்னு ஒருத்தர் கேட்டாருன்னு. அது மாதிரி ஏதாவது ஒரு காரியத்தைக் கேளுங்க. நடந்தா அவரு சித்தம். நடக்கலைன்னா இல்ல. ஆனா என்ன கேட்டியன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"இந்த வாரத்துக்குள்ள கேக்கலாமா?"

"கேக்கலாம்."

தலையை ஆட்டிவிட்டு டயரைப் பார்க்கப் போனான்.

அன்றைக்கு ஜெபக்கனியும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். அவள் கேட்டது சின்னக் காரியம். இந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாம்சன் தன்னை சிஸ்டர் என்று கூப்பிடாமல், ஜெபக்கனி என்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரம் அவள் கைக்கு வந்திருந்த நாவலின் பெயர் 'ஆறாவது கற்சாடி'. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாண வீட்டில் ஆறு கற்சாடிகள் இருந்தனவே, அதில் கடைசி. எழுதினவள் புதியவள். வழக்கமான டாக்டர் இல்லை. கதாநாயகன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன்! கதாநாயகி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான், மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாதவன். அவளோ அடையாளத்துக்காகக் காத்திருக்கிறாள். மழை கேட்கிறாள், மழை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேத வசன அட்டை ஒன்றை எடுக்கிறாள், அதில் சம்பந்தமில்லாத வசனம் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் அந்த நர்ஸ் ஜெபத்தை முடித்துவிட்டு எழுந்து போய், ஆம்புலன்ஸின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "எனக்கு அடையாளம் வேண்டாம், நீங்கதான் வேணும்" என்று சொல்லிவிடுகிறாள்.

இப்படி ஒரு முடிவை ஜெபக்கனி எந்த நாவலிலும் படித்ததில்லை. கடைசிப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் நின்று பதிவு செய்தாள். பேசிக்கொண்டே போனவள், தன்னை அறியாமல் முடிவையும் சொல்லிவிட்டாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. பதிவை மறுபடி கேட்டாள். முகமெல்லாம் சூடாகிவிட்டது. டிரைவர் கதையைச் சொல்லி, அந்தப் பெண் போய் ஏறி உட்கார்ந்தாள் என்றும் சொன்னால், இவள் தனக்காகத்தான் சொல்கிறாள் என்று சாம்சன் நினைக்க மாட்டானா? பஸ் முழுக்கச் சிரிக்காதா? அழித்தாள். முடிவு இல்லாமல் மறுபடி பேசி அனுப்பினாள்.

சனிக்கிழமை ஸ்பீக்கரில் அவள் குரல் தொடங்கியதும் சாம்சன் சத்தத்தைக் கூட்டினான். அன்றைக்கு அவன் எந்த லாரியையும் முந்தவில்லை. பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான், இவன் காதில் வாங்கவில்லை. நர்ஸ் மழை கேட்டாள், வசனம் எடுத்தாள், அவன் கிளம்புகிற நாள் வந்தது. "அந்த நர்ஸ் என்ன செஞ்சா? புஸ்தகத்தை வாங்கிப் படிங்க. ஸ்தோத்திரம்" என்று முடிந்தது.

"யக்கா, இது அநியாயம்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அறைத்தோழி மாரிசெல்வி. "ஒரு தடவையாச்சும் முடிவைச் சொன்னா உங்களுக்குக் குடியா முழுகிரும்?"

எப்போதும் இதற்குச் சிரிக்கிற சாம்சன் அன்று சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்தான்.

கம்பெனி வாசலில் எல்லாரும் இறங்கும்வரை ஜெபக்கனி பையைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்திருந்தாள். கடைசியாக எழுந்து, அவன் இருக்கைப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாரேன் பிரதர்."

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி சிஸ்டர்" என்றான்.

அவ்வளவுதான். கேட்டது கிடைக்கவில்லை. கர்த்தருடைய சித்தம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லைனுக்குப் போனாள். மத்தியானம் கேண்டீனில் சாம்பார் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே கொட்டினாள்.

பிறகு சாம்சன் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் அவள் குரலை ஓடவிட்டான், கதைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் சபையில் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பு அது. வடக்கே வேறு பேர் சொல்வார்கள், அவளுக்கு அது ஓலைதான். தண்டலம் சாம்சனுக்கும் குன்றத்தூர் மதிவதனிக்கும் திருமணம். "தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம். இது முதலாம் அறிவிப்பு" என்றார் பாஸ்டர். தெரிவிக்க அவளிடம் என்ன இருந்தது? யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள்? எல்லாரும் பாட எழுந்தபோது அவளும் எழுந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பக்கம் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது.

அந்த வாரம் அவள் புது நாவல் எதையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மொட்டை மாடிக்குப் போய், பழையதையே பேசினாள். இனி யார் என்ன நினைத்தால் என்ன?

"இந்த வாரம் புது வரவு இல்ல. ஆறாவது கற்சாடியோட முடிவு என்னன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தீய. எழுதுனவங்க என்னை மன்னிக்கணும். படிக்க நேரமில்லாதவங்களுக்காக இந்த ஒரு தடவை சொல்லிருதேன்." முழுவதும் சொன்னாள். நர்ஸ் எழுந்தது, கதவைத் திறந்தது, ஏறி உட்கார்ந்தது, அவள் சொன்ன சொல் எல்லாம் சொன்னாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அது ஓடியபோது பெண்களெல்லாம் ஓவென்று கைதட்டினார்கள். மாரிசெல்வி விசிலே அடித்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பஸ் இடது பக்கம் ஒதுங்கி நின்றுவிட்டது.

"என்னாச்சுண்ணே, மறுபடியும் பஞ்சரா?"

சாம்சன் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கியரைப் போட்டான்.

கம்பெனி வாசலில் ஜெபக்கனி எல்லாருக்கும் முன்னால் இறங்கிவிடப் பார்த்தாள், முடியவில்லை. கூட்டம் முந்திக்கொண்டது. கடைசியாக வந்தவளை அவன் கையை நீட்டி மறிக்காத குறையாக நிறுத்தினான்.

"இதத்தான் நான் கேட்டேன்" என்றான். "அன்னிக்கு. நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். ஆண்டவரே, அவங்க எனக்குத்தான்னா, இந்தச் சனிக்கிழமை வர்ற கதையோட முடிவ அவங்க வாயால சொல்லட்டும்னு. நீங்க சொல்லல."

மொட்டை மாடியும், காயப்போட்ட துணியும், பதிவை அழித்த விரலும் ஜெபக்கனிக்குக் கண்முன்னே வந்தன. சொன்னேன், ஒரு தடவை சொல்லத்தான் செய்தேன் என்று அவள் தொண்டைவரை வந்தது. நாளைக்கு இரண்டாம் ஓலை. குன்றத்தூரில் ஒரு பெண் இந்நேரம் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருப்பாள்.

"என்ன கேட்டியன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா பிரதர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கேட்டைத் தாண்டப் போகும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஜெபக்கனி!"

கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பினாள். சாம்சன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் மூன்றாவது வரிசையில் மறந்து வைத்துவிட்டு வந்த டிபன் டப்பா அவன் கையில் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டது அவனுக்கே தெரிந்ததோ இல்லையோ, மூச்சு வாங்க நீட்டினான்.

அவள் கேட்டிருந்த அடையாளம் என்னவென்று அவள் அவனிடம் சொல்லவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனாள்.