தண்ணீர் கேட்கும் சொல்

ஆறு வயதில் காவ்யஸ்ரீயிடம் இருந்ததே சில சொற்கள்தான். தாகம் எடுத்தால் 'பானி' என்பாள், பசித்தால் 'பாத்'. இரண்டும் அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழிச் சொற்கள். ஆட்டிசம், பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த சொற்கள் என்பதால், அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மா வசுந்தராவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அப்பா ராஜேஷ்குமாருக்குச் சிம்மக்கல்லில் ஜவுளிக் கடை வேலை. ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சிறப்புப் பிரிவு இருப்பதாகக் கேள்விப்பட்டு மகளை அங்கே சேர்த்தார். ஜூன் மாதம் பெற்றோர் இருவரையும் கூப்பிட்டார்கள். பிரிவின் பொறுப்பாளரம்மா ஆங்கிலத் தாள்களை நீட்டினார்.

"ஐ.இ.பி. சார். உங்க குழந்தைக்குன்னே தனியா போட்ட படிப்புத் திட்டம். வருஷக் கடைசியில 'ஐ வாண்ட் வாட்டர்'னு முழுசா சொல்லணும். அதுதான் முதல் இலக்கு."

"அவ பானின்னு கேப்பாளே மேடம்," என்றாள் வசுந்தரா.

"அதான் பிரச்சனையே. வீட்ல ஒரு பாஷை, ஸ்கூல்ல ஒரு பாஷைன்னா குழந்தை குழம்பிரும். இனிமே வீட்லயும் இங்கிலீஷ்தான். வாட்டர்னு சொன்னாத்தான் தண்ணி குடுக்கணும். இரக்கப்படாதீங்க."

படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மகள் எதிரில் தங்களுக்குள்ளும் அவர்கள் வீட்டுமொழி பேசுவதை நிறுத்தினார்கள். காவ்யஸ்ரீ தண்ணீர்க் குடத்தின் முன்னால் வந்து நின்று "பானி" என்பாள். வசுந்தரா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "வாட்டர். சொல்லு, வாட்டர்," என்பாள். பிள்ளை கத்தும். சுவரில் தலையை முட்டும். சில தடவை மனசு கேட்காமல் கொடுத்தாள். அதைப் பள்ளியில் சொன்னபோது, "நீங்களே கெடுக்குறீங்க," என்றார்கள். அதன்பின் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

தீபாவளிக்கு முன்பே காவ்யஸ்ரீ குடத்தின் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். கொடுத்தால் குடித்தாள். 'பாத்'தும் நின்றது. பிறகு எதுவுமே இல்லை. அடம் குறைந்திருக்கிறது, நல்ல முன்னேற்றம் என்றது பள்ளி.

மார்ச் மாத வெயிலில் ஒரு நாள், பள்ளி வேனில் காவ்யஸ்ரீ மயங்கிச் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவளுடைய தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே பைக்குள் கிடந்தது.

"உடம்புல தண்ணியே இல்லையேம்மா. புள்ள கேக்கலையா?" என்றார் டாக்டர்.

பார்க்க வந்த பொறுப்பாளரம்மா சொன்னார்: "அவ கேக்கவே இல்லையே மேடம்."

அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே வந்துபோகும் சிறப்பு ஆசிரியை அன்னக்கொடி முதல் நாள் தாள் எதையும் எடுக்கவில்லை.

"இவளுக்கு எது பிடிக்கும், எதுக்குப் பயப்படுவா, வேணும்னா எப்படிக் கேப்பா? நீங்க சொல்லாம நான் எப்படித் திட்டம் போடுறது?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. வசுந்தரா சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீர் பற்றிய பேச்சு வந்ததும் சொன்னாள்: "கேட்டா டீச்சர். நான்தான் குடுக்கலை."

அன்னக்கொடி சொன்னார்: "திட்டத்துக்காகப் புள்ள இல்லம்மா. சரிப்படலேன்னா அடுத்த வாரமே உக்காந்து மாத்தலாம். வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. இம்புட்டு நாள் யாரும் சொல்லலையா?"

புதிய திட்டத்தைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினார். டம்ளர் படத்தைத் தொட்டாலும், கையைப் பிடித்து இழுத்தாலும், குடத்தைப் பார்த்தாலும் உடனே தண்ணீர் கொடுக்க வேண்டும். வீட்டில் வீட்டுமொழிதான்.

"பேச்சு எப்பத் திரும்ப வரும்னு அதுல போடுங்க டீச்சர்," என்றார் ராஜேஷ்குமார்.

"போட மாட்டேம்மா. எனக்குத் தெரியாது."

"நாங்க பாஷையை நிறுத்தினதாலதான் போச்சா?" என்றாள் வசுந்தரா.

"இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு வந்த பேச்சு தானாவும் போயிரும். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது."

ராஜேஷ்குமார் 'தானாவும் போயிரும்' என்ற வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டார். தானாகப் போனதுதான் என்று மனைவியிடம் அடிக்கடி சொல்கிறார். அவள் மறுப்பதில்லை, சரி என்பதும் இல்லை.

காவ்யஸ்ரீ இப்போது சில நாள் படத்தைத் தொடுகிறாள். பல நாள் யாராவது கொண்டுவரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்கிறாள். வசுந்தரா தலை வாரிவிடும்போதும் சோறு ஊட்டும்போதும் அவளிடம் தங்கள் மொழியில் பேசிக்கொண்டே இருக்கிறாள். மகள் ஜன்னலைப் பார்த்தபடி மெல்லுகிறாள்.