ஓரம் வெட்டிய ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பாத்திரத் தொட்டி முதல் தடவை நிரம்பியது. பரிமாறுகிற பெண் இரண்டு கைகளிலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போனாள். கதவு ஆடி நிற்பதற்குள் மறுபடி வந்தாள்.

“வெளிய எவ்வளவு பேர் நிக்கிறாங்க தெரியுமாக்கா? மழைக்கு ஒதுங்கின மாதிரி நிக்கிறாங்க.”

“உள்ள இடமில்லையா?”

“உட்கார்ந்தவங்க எழுந்திருச்சாத்தானே!”

பாத்திரம் கழுவுகிறவளை அடுப்படியில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முட்டை போடுகிறவர் அவளைவிட மூத்தவர். அவரும் அக்கா என்றார். வாரநாட்களில் அது வெறும் பேக்கரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேசைகளில் துணி விரித்து, வாசலில் பலகை வைத்து, பிரஞ்ச் என்று எழுதினார்கள். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் சாப்பிடுவது. முட்டைக்காரர் அதற்கு ரெண்டுங்கெட்டான் சாப்பாடு என்று பெயர் வைத்திருந்தார்.

அக்கா தட்டுகளைப் பிரித்தாள். மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. வதக்கிய காளான் அப்படியே இருந்தது. இரண்டு ரொட்டித் துண்டுகளில் ஒன்றை யாரோ ஒரு வாய் கடித்து வைத்திருந்தார்கள். மற்றதைத் தொடவே இல்லை.

தட்டில் மிஞ்சி வருவதற்கு அடுப்படியில் ‘திரும்பினது’ என்று பெயர். எச்சில் என்று யாரும் சொல்வதில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு சின்னக் கத்தி இருந்தது. கடித்த ரொட்டியைப் பலகையில் வைத்து நான்கு பக்கமும் ஓரத்தை வெட்டினாள். கடித்த பக்கத்தை மட்டும் வெட்டினால் கோணலாக இருக்கும். நான்கு பக்கமும் வெட்டினால் வேண்டுமென்றே செய்தது போலிருக்கும். துண்டுகளை எவர்சில்வர் டப்பாவில் அடுக்கித் தொட்டிக்குக் கீழே தள்ளினாள். அது அவளுடைய மூத்த மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன டப்பா. மூடியில் ஒட்டிய முயல் படம் பாதி உரிந்திருந்தது.

சாயங்காலம் வீட்டில் அந்தத் துண்டுகளை முட்டையில் தோய்த்து, வெங்காயம் தூவி, இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுவாள். வீட்டில் இரண்டு பெண்கள். ரொட்டிக்கு ஓரம் வெட்டுவதுதான் முறை என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடையில் அப்படித்தான் செய்வார்கள் என்று எப்போதோ அவள்தான் சொல்லியிருந்தாள். சின்னவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடி வைத்தாள், சாயங்காலத்துக்கு வயிற்றில் இடம் வேண்டும் என்று.

பெரியவள் அலுவலக வேலைக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

“அம்மா, எங்க ஆபீஸ்ல வாராவாரம் ஒரு பேக்கரிக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாக்குறாங்கன்னு சொன்னேன்ல?”

“ம்.”

“நாளைக்கு உங்க கடை.”

“வரட்டுமே. முட்டை சொல்லச் சொல்லு. அவர் கை நல்ல கை.”

“நானும் வர்றேன். வரலைன்னா ஏன் ஏன்னு கேப்பாங்க.”

“வாயேன், யார் வேணாம்னா?”

பெரியவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“நீ வெளிய வருவியா? மேசைகிட்டல்லாம்?”

“நான் எதுக்கு வரப்போறேன்? எனக்குக் கை ஈரம் காயவே நேரமிருக்காது.”

“இல்ல, சும்மாதான் கேட்டேன்.”

“சும்மாதானே கேட்ட. போய் விளக்கைப் போடு.”

கடையில் ரொட்டி அடுப்பு வேலை முடிந்து அணைந்த நேரத்தில் மேலாளர் அடுப்படிக்குள் வந்தார். வழக்கமாக வாசற்படியில் நின்றே பேசிவிட்டுப் போகிறவர். ஈரத்தில் வழுக்கும். இன்று காற்சட்டையின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டிவரை வந்தார். கையில் தரை துடைக்கிற நீல மருந்துப் புட்டி இருந்தது.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. முதலாளி கேமராவுல பாத்திருக்கார். இங்கேர்ந்து சாப்பாடு வெளிய போகுதுங்கிறார். யாருன்னு நான் கேக்கலை.”

“திரும்பினதுதானே சார்,” என்றார் முட்டைக்காரர். “எப்படியும் குப்பைக்குத்தானே போகுது.”

“திரும்பினதாவது போனதாவது. எச்சில். ஊரார் எச்சில். அதைத் தின்னுட்டு யாராவது வாந்தி எடுத்தா கடை பேர் என்ன ஆகும்?”

முட்டைக்காரர் அடுப்பில் முட்டையைத் திருப்பினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“இனிமே குப்பைக்கூடையில கொட்டின உடனே இதை மேல ஊத்தணும். அக்கா, அது உங்க பொறுப்பு. அப்புறம் வீட்டுக்குப் போறப்போ கவுன்டர்ல பையைத் திறந்து காட்டிட்டுப் போங்க. இன்னிலேர்ந்தே. யார்கிட்டயாவது ஏதாவது இருந்தா, மறுநாள் வர வேண்டாம். நான் கத்தவும் மாட்டேன், கேக்கவும் மாட்டேன்.”

புட்டியைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, வந்த தடத்திலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வெளியே போனார்.

தொட்டிக்குக் கீழே டப்பா முக்கால் நிரம்பியிருந்தது. அக்கா அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

தொட்டி மூன்றாவது தடவை நிரம்பியபோது பரிமாறுகிற பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, ஜன்னலோரத்து மேசையில ஒரு கூத்து. ஆபீஸ் கும்பல். அதுல ஒரு பொண்ணு ரொட்டிக்கு நாலு பக்கமும் ஓரம் வெட்டுது. வெட்டுதுன்னா சும்மா இல்ல, ஆபரேஷன் பண்ற மாதிரி. என்னடி இதுன்னு கேட்டா, எங்க வீட்ல இப்படித்தான், எங்கம்மா ஓரத்தோட ஒரு நாளும் வைக்க மாட்டாங்கன்னு சொல்லுது.”

அக்கா குழாயைத் திறந்தாள்.

“இப்ப அந்த மேசையே வெட்டிக்கிட்டிருக்கு. பெரிய இடத்துப் பொண்ணு போலிருக்கு. வளர்ப்பு அப்படி!”

முட்டைக்காரர் சிரிக்க வாயைத் திறந்தார். பலகையில் கிடந்த சின்னக் கத்தியைப் பார்த்தார். அதைச் சுற்றி விழுந்திருந்த ஓரத் துண்டுகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“வெட்டிக் கதை போதும். முட்டை ஆறுது, எடுத்துட்டுப் போ.”

அந்த மேசையின் தட்டுகள் வந்தபோது அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எல்லாத் தட்டுகளிலும் ஓரத் துண்டுகள் கிடந்தன. மற்ற தட்டுகளில் பிய்ந்தும் கோணியும் கிடந்தன. ஒரு தட்டில் மட்டும் நான்கும் ஒரே அகலத்தில், விளிம்பை ஒட்டி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு கூடையில் தட்டினாள். புட்டியைத் திறந்து ஊற்றினாள். மருந்து நெடி தொண்டையில் ஏறியது.

வேலை முடிந்து கையைத் துடைத்தபோது வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் குறைந்திருந்தது. பரிமாறுகிற பெண்ணிடம் கேட்டாள்.

“அந்த ஜன்னலோரம் எழுந்தாச்சா?”

“எங்க? கேக் சொல்லியிருக்காங்க. ஏங்க்கா?”

“சும்மாதான்.”

எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். மாவு மூட்டை இறக்கும்போது மட்டும்தான் பின்கதவைத் திறப்பார்கள். அவள் அந்தக் கதவின் பூட்டைப் பார்த்தாள். முட்டைக்காரர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சாவி அவர்கிட்ட இருக்கு,” என்றார் திரும்பாமல். பிறகு, “டப்பாவை என் பையில போடுங்கக்கா,” என்றார்.

“உங்க பையை மட்டும் மோந்து பாத்துட்டு விட்டுருவாங்களா?”

அவர் துடைத்த துணியைப் பிழிந்தார்.

அந்த மேசைக்காரர்கள் எழட்டும் என்று மிளகுக் குப்பிகளை ஒருமுறை துடைத்தாள். துடைத்த குப்பிகளை மறுபடி துடைத்தாள். அவர்கள் எழவில்லை. சின்னவள் தனியாக இருப்பாள். அக்கா குனிந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து கூடைமேல் கவிழ்த்துத் தட்டினாள். அடுக்கி வைத்த ரொட்டிகள் அடுக்கு கலையாமல் விழுந்தன. புட்டியில் மிச்சமிருந்ததை அவற்றின்மேல் ஊற்றினாள். நீலம் முதலில் மேலே நின்றது, பிறகு மெதுவாக உள்ளே இறங்கியது. டப்பாவைக் கழுவிப் பையில் வைத்தாள்.

கல்லாவில் இருந்த பெண் மெதுவாகத்தான் கேட்டிருப்பாள். பக்கத்தில் மேலாளர் நின்றார்.

“பையைத் திறங்கக்கா. டப்பாவையும்.”

கல்லாவுக்கு ஒரு கை தூரத்தில் ஜன்னலோர மேசை. அங்கே பேச்சு நின்றது. அக்கா பையைக் கல்லாமேல் வைத்தாள். மாற்றுத்துணியை எடுத்தாள், தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள், முயல் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். மேலாளர் குனிந்து பார்த்தார்.

“மருந்து வாசனை அடிக்குதே.”

“கழுவினேன் சார்.”

“சரி சரி, போங்க.”

பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். டப்பா மூடி சரியாக உட்காரவில்லை. அப்படியே வைத்தாள். வாசலுக்குப் போகிற வழியில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“போங்க,” என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து பெரியவள் அம்மாவை நீ என்றுதான் சொல்லியிருக்கிறாள். வா, போ, எங்க போன.

“பரவால்லைங்க,” என்றாள் அக்கா. நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் தணிந்து கேட்டது.

“என்னவாம்? திருட்டா?”

“தெரியல.”

இரண்டாவது குரல் பெரியவளுடையது.

வழியில் ஒரு கடையில் ஒரு பொட்டலம் ரொட்டி வாங்கினாள். வீட்டுக்கு வந்து, டப்பாவை மறுபடி இரண்டு முறை கழுவி ஜன்னலில் கவிழ்த்தாள். வெங்காயம் நறுக்கினாள். சின்னவள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“அக்கா இன்னும் வரலையேம்மா. உங்க கடையில அவ்வளவு நேரமா தின்பாங்க?”

“வந்துருவா. தட்டு எடுத்து வை.”

பெரியவள் வந்தபோது விளக்குப் போட்டிருந்தது. கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, நாடா கட்டியது, மேலே கடையின் பெயர் பொறித்தது. அம்மாவைப் பார்க்காமல் அதைத் தங்கையிடம் நீட்டினாள்.

“கேக். மிச்சமாயிடுச்சு. கட்டிக் குடுங்கன்னு கேட்டோம், அவங்களே அழகாப் பெட்டியில போட்டுக் குடுத்தாங்க.”

சின்னவள் நாடாவை அவிழ்த்தாள். பாதி கேக். வெட்டின பக்கம் முழுக்க முள்கரண்டி குத்திய தடம்.

“ஐ, கிரீம்! அம்மாவைப் பாத்தியாக்கா கடையில?”

பெரியவள் காலணியின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அவிழ்த்தாள்.

“உள்ள வேலையா இருப்பால்ல,” என்றாள்.

கை கழுவிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“நீ குடும்மா, நான் திருப்புறேன்.”

“நீ உட்காரு.”

“கால் வலிக்குதாம்மா?”

“இல்ல.”

பெரியவள் உட்கார்ந்தாள். தட்டின் விளிம்பை விரலால் தடவினாள்.

“எல்லாரும் இன்னிக்கு ஓரம் வெட்டித்தான் சாப்பிட்டாங்கம்மா. நான்தான் சொன்னேன். எங்கம்மா பழக்கம்னு பெருமையாச் சொன்னேன். நிஜம்மா.”

அம்மா வாட்டிய ரொட்டிகளைத் தட்டுகளில் வைத்தாள். சின்னவள் தன்னுடையதைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஐய, ஓரம் இருக்கு!”

“அப்படியே சாப்பிடு. புது ரொட்டிதான்.”

சொல்லிவிட்டு அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அணைந்த அடுப்பைத் துடைத்தாள்.

பெரியவள் ரொட்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அடுப்புத் திட்டில் ரொட்டிப் பொட்டலத்தின் தாள் கிடந்தது. ஜன்னலில் டப்பா கவிழ்ந்திருந்தது, அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மருந்து நெடி இன்னும் போகவில்லை. கையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

“அப்ப இத்தனை நாளா ஏம்மா வெட்டின?”